பதினோரு வாசகர்கள், இரண்டு நாள், நான்கு ஊர்

மார்த்தாண்டத்தில் எங்கள் வாசகர் வட்டம் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு கூடும். ஒரு மாடியறை, பன்னிரண்டு நாற்காலி, கீழ்க் கடையிலிருந்து ஏறிவரும் ரப்பர் ஷீட் வாசம். ஆறு வருஷமாக இப்படியே போகிறது. போன கூட்டத்தில்தான் ஒருவர் சொன்னார்: எல்லோரும் சேர்ந்து ஒரு பழைய ஊருக்குப் போய் ஓர் இரவு தங்கி வருவோம் என்று. யாரும் மறுக்கவில்லை. ஆனால் எந்த ஊர் என்று கேட்டவுடன் அறை இரண்டு மணி நேரம் சத்தமாகவே இருந்தது. கடைசியில் நான்கு பெயர் நின்றன: திருவனந்தபுரம், கொல்லம், கொச்சி, கொடுங்கல்லூர். நான்கையும் எடைபோட்டு எழுதிக்கொண்டு வரும் வேலை என் தலையில் விழுந்தது. எல்லையோரத்தில் இருந்துகொண்டு இப்படி ஒரு பயணம் யோசிக்கிற மற்ற வாசகர்களுக்கும் உதவும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

மதுரை, தஞ்சை என்றும் பேச்சு வந்தது. அவை எங்கேயும் போகாது. கேரளப் பக்கம் எங்களுக்குக் கைக்கெட்டும் தூரம், பேச்சும் புரியும், 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்களும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் ஆட்கள்தான். தமிழ் நூல்களின் கதையில் பாதி அந்தப் பக்கம் நடந்திருக்கிறது. அதை நேரில் போய்ப் படிக்கத்தான் ஆசை.

முதலில் எங்கள் நிலைமை. மொத்தம் பதினோரு பேர். ஓய்வுபெற்ற தமிழாசிரியைக்கு எழுபது வயது; எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். முழங்கால் வலி, படி ஏறச் சிரமம். ஓர் அக்கா நர்ஸ். சனிக்கிழமை மதியம் வரை அவருக்கு டியூட்டி. இரண்டு பேர் கல்லூரி மாணவர்கள், கையில் காசு குறைவு. ஆளுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று முன்னமே பேசி வைத்துவிட்டோம். எங்களில் நான்கு பேர் கிறிஸ்தவர்கள், ஒருவர் முஸ்லிம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஊரைத் தேர்ந்தெடுப்பதில் இதுவே பெரிய கணக்காக வந்து நின்றது. பாதிப் பேர் கோயிலுக்குள் போக, உள்ளே விடாத மீதிப் பேர் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்கிற பயணம் எங்களுக்கு வேண்டாம்.

திருவனந்தபுரத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். குழித்துறையில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரம் போல. பஸ் என்றால் தம்பானூருக்கு நினைத்த நேரத்தில் உண்டு. நாங்கள் எல்லோரும் மெடிக்கல் காலேஜுக்கும் கல்யாணத் துணி எடுக்கவும் எத்தனையோ தடவை போன ஊர். அதனாலேயே அதை நாங்கள் சரியாகப் பார்த்ததில்லை.

தமிழ் வாசகனுக்கு அங்கே இருப்பது கொஞ்சநஞ்சமில்லை. பள்ளிக்கூடத்தில் தினமும் பாடிய 'நீராருங் கடலுடுத்த' பாட்டை எழுதிய பெ. சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்தவர். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். அந்தப் பாட்டைத் தன் முன்னால் வைத்திருக்கும் 'மனோன்மணீயம்' வெளிவந்தது 1891-ல். தமிழ்நாட்டின் தமிழ்த்தாய் வாழ்த்து திருவிதாங்கூரில் இருந்த ஒரு பேராசிரியரின் கையிலிருந்து வந்தது என்று டீச்சர் சொன்னபோது மாணவர்கள் இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர் வேலை பார்த்த கல்லூரிதான் இன்றைய யுனிவர்சிட்டி காலேஜ், பாளையத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே 1829-ல் தொடங்கிய பொது நூலகம்.

அப்புறம் சாலைக் கடைத்தெரு. ஆ. மாதவன் அங்கேயே கடை வைத்திருந்து, அந்தத் தெருவின் சுமட்டுக்காரர்களையும் வியாபாரிகளையும் பற்றியே கதை எழுதியவர். சாலையில் நடந்தால் மாதவனின் வரிகள் தானாக நினைவுக்கு வரும். காய்ந்த மிளகாய் நெடி, மூட்டை இறக்கும் சத்தம், தமிழும் மலையாளமும் கலந்த பேரம், எல்லாம் இன்றும் உண்டு.

எங்களுக்குத் தனியாக இன்னொரு காரணமும் இருக்கிறது. காளிதாசன் பேர் சொல்லிப் புகழ்ந்த பாசனின் வடமொழி நாடகங்கள் கிடைக்காமலே போய்விட்டன என்று எல்லோரும் நினைத்திருந்த காலத்தில், திருவிதாங்கூர் அரசுக்காகச் சுவடி தேடிய த. கணபதி சாஸ்திரிக்கு அவை கிடைத்தது பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில், மணலிக்கரை மடத்தில். எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் போகிற தூரம். 1912-லிருந்து திருவனந்தபுரத்தில் அவை ஒவ்வொன்றாக அச்சேறின. சாஸ்திரியும் திருநெல்வேலிப் பக்கத்துத் தருவைக்காரர். அந்தச் சுவடிகளின் பரம்பரை காரியவட்டத்தில் பல்கலைக்கழகச் சுவடிச்சாலையாக நிற்கிறது. ஆனால் வார இறுதியை நம்பி அங்கே போக முடியாது. முன்கூட்டி எழுதிக் கேட்டு, வேலை நாளில் போக வேண்டிய இடம்.

இவ்வளவு இருந்தும் இந்தப் பயணத்துக்கு நான் திருவனந்தபுரத்துக்கு ஓட்டுப் போடவில்லை. பக்கத்தில் இருப்பதே அதன் குறை. இருட்டினால் ஒருவர் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கணும் என்பார், இன்னொருவர் பிள்ளைக்குப் பரீட்சை என்பார், எட்டரை மணி ரயிலில் பாதிப் பேர் வீடு திரும்பிவிடுவார்கள். எனக்கு இந்தப் பயணத்தில் வேண்டியது ராத்திரிதான். சாப்பிட்டு முடித்து, யாருக்கும் எங்கும் போக வேண்டியதில்லை என்று தெரிந்தபிறகு வருகிற பேச்சு மாடியறையில் ஒருநாளும் வந்ததில்லை. பத்மநாபசுவாமி கோயிலுக்குள் எல்லோரும் சேர்ந்து போகவும் முடியாது. ஒரு பகல் மட்டும் கையில் இருக்கிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இந்த ஊரைத்தான். காலையில் பாளையம், மதியம் சாலை, சாயங்காலம் தம்பானூர் பஸ் நிலையத்துப் பக்கம் லாரி பேக்கர் சுருள் சுருளாகக் கட்டிய இந்தியன் காஃபி ஹவுஸ், அப்படியே ரயில்.

கொச்சி நேர் எதிர். பெயரைச் சொன்னதுமே மாணவர்களுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பார்க்க அவ்வளவு இருக்கிறது. 1503-ல் தொடங்கிய செயின்ட் பிரான்சிஸ் சர்ச்; 1524-ல் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் புதைத்த குழி அதற்குள்ளே. மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரில் ராமாயணம் முழுக்கச் சித்திரமாக. 1568-ல் கட்டிய யூதர் கோயிலில் ஒன்று போல் இன்னொன்று இல்லாத நீலச் சீன ஓடுகள் பாவிய தரை. கோட்டைக் கொச்சியில் வண்ணார் சமூகத்துத் தமிழர்கள் துணி வெளுக்கிற தோபிகானா இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் தங்கள் முன்னோர் வந்ததாக அவர்கள் சொல்கிறார்கள். அங்கே நின்று பேசினால் நம் தமிழ் வேறொரு ராகத்தில் காதில் விழும்.

புத்தகக் கணக்கிலும் கொச்சி கனமான ஊர். டச்சு அதிகாரி வான் ரீட் தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' மலையாளக் கரையின் செடிகொடிகளைப் பற்றியது. அதற்குத் தன் குடும்பச் சுவடியையும் மருத்துவ அறிவையும் கொடுத்தவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். முதல் தொகுதியில் அவருடைய சாட்சியம் அவர் எழுத்திலேயே அச்சாகியிருக்கிறது. நாட்டு வைத்தியரின் பேரனான எங்கள் ரப்பர் வெட்டுகிற அண்ணன் தனக்கு இந்த ஒரு காரணமே போதும் என்றார். மலையாள எழுத்தாளர் பஷீர் எர்ணாகுளத்தில் புத்தகக் கடை நடத்தினார் என்பது டீச்சரின் காரணம்.

சரி, தடை எங்கே? குழித்துறையிலிருந்து எர்ணாகுளம் சுமார் 250 கிலோமீட்டர், ரயிலில் ஆறு மணி நேரம் போல. விடிவதற்கு முன் பரசுராம் எக்ஸ்பிரஸில் ஏறினால்தான் சனிக்கிழமை மதியத்தில் பாதியாவது மிஞ்சும். நர்ஸ் அக்காவால் அதில் வர முடியாது. யூதர் கோயில் சனிக்கிழமை திறக்காது, அது அவர்களின் ஓய்வுநாள். மூன்று வருஷத்துக்கு முன் நான் குடும்பத்தோடு சனிக்கிழமையே போய்ப் பூட்டிய கதவைப் பார்த்து நின்றேன். அதை ஞாயிறு காலைக்குத் தள்ளினால், மதியத்துக்குள் எர்ணாகுளம் திரும்பி ரயிலைப் பிடிக்க வேண்டிய நெருக்கடி. பியனாலே என்ற கலைக் கண்காட்சி நடக்கிற குளிர்கால மாதங்களில் கோட்டைக் கொச்சியில் அறை வாடகை எங்கள் 2,000 ரூபாய்க்கு அடங்காது. இவை எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது வேறு. கொச்சியில் பார்க்க இருப்பவை வாசகர்களைப் பார்வையாளர்களாக ஆக்கிவிடும். ஒன்று முடிந்ததும் அடுத்தது, அது முடிந்ததும் படகு, அது முடிந்ததும் போட்டோ. புத்தகத்தைப் பைக்குள்ளிருந்து எடுக்கவே நேரம் இருக்காது. மூன்று நாள் கிடைத்தால் இந்தக் குறை தீரும். எர்ணாகுளம் ஹைகோர்ட் படகுத்துறையிலிருந்து வாட்டர் மெட்ரோவில் கோட்டைக் கொச்சிக்குப் போய், ஒரு பகல் முழுக்க மட்டாஞ்சேரியில் மெதுவாக நடக்கலாம்.

கொடுங்கல்லூரைச் சொன்னது நான்தான். அதனால் அதைத் தள்ளுவது எனக்கு வருத்தம். சங்கப் பாட்டு படித்தவர்களுக்கு முசிறி என்ற பேரே ஒரு இழுப்பு. அகநானூற்றில் வருகிறதே, 'யவனர் தந்த வினைமாண் நன்கலம் பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று. பொன்னைக் கொண்டுவந்து மிளகை ஏற்றிப் போன கப்பல்களின் துறைமுகம். பக்கத்துப் பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் ரோமானிய ஜாடி ஓடுகள் குவியலாகக் கிடைத்தன. சிலப்பதிகாரத்தில் சேரர் தலைநகராக வரும் வஞ்சி இதுதானா, கரூரா என்ற சண்டை எங்கள் வட்டத்திலேயே இரண்டு கட்சியாக இருக்கிறது. நான் கரூர்க் கட்சி. ஆனாலும் பகவதி கோயிலைக் கண்ணகியோடு சேர்த்துப் பேசும் மக்களின் நினைவுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். திருவஞ்சைக்களம் சிவன் கோயிலில் சுந்தரரும் சேரமான் பெருமாளும் நிற்கிறார்கள். 'தலைக்குத் தலைமாலை' என்று சுந்தரர் தொடங்கும் பதிகம் அந்தக் கோயிலுக்குப் பாடியது.

ஆனால் கொடுங்கல்லூருக்கு ரயில் கிடையாது. எர்ணாகுளம் போய் அங்கிருந்து இன்னும் ஒன்றரை மணி நேரம் பஸ். இரண்டு நாளில் ஒரு நாள் வண்டியிலேயே போய்விடும். கோயில்களுக்குள் எங்களில் ஐந்து பேர் வர முடியாது. சேரமான் பள்ளிவாசலும் பட்டணமும் எல்லோருக்கும் பொது என்றாலும், அந்த ஊரின் தமிழ்க் கதை பெரும்பாலும் கோயிலுக்குள்ளேதான் இருக்கிறது. கொச்சியோடு சேர்த்து மூன்று நாள் பயணமாகத்தான் இதைச் செய்ய வேண்டும்.

மீதி கொல்லம். கூட்டத்தில் இந்தப் பேரைச் சொன்னது நர்ஸ் அக்கா. மதிய டியூட்டி முடித்து வந்து சேரக்கூடிய ஊர் என்ற ஒரே காரணத்துக்காக. 'அங்கே பார்க்க என்ன இருக்கிறது?' என்று ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். நானும் கேட்டேன். இந்தக் கட்டுரைக்காக உட்கார்ந்தபிறகுதான் என் எண்ணம் மாறியது.

1578-ல் கொல்லத்தில் ஒரு புத்தகம் அச்சானது. பதினாறே பக்கம். பெயர் 'தம்பிரான் வணக்கம்'. முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே வாழ்ந்து தமிழ் கற்ற அண்டிரிக்கே அடிகளார் என்ற போர்ச்சுகீசியர் தமிழில் ஆக்கிய சிறு ஜெபநூல். இதற்கு முன் 1554-ல் லிஸ்பனில் ஒரு தமிழ் நூல் அச்சானது உண்டு. ஆனால் அது ரோமன் எழுத்தில். நம் எழுத்தை ஈயத்தில் வார்த்து, நம் எழுத்திலேயே அடித்த முதல் புத்தகம் கொல்லத்துடையது. இந்திய மொழி எதற்கும் அதன் சொந்த எழுத்தில் இந்தியாவில் அதற்கு முன் அச்சு நடந்ததில்லை. அடுத்த நூல் 1579-ல் கொச்சியில் வந்தது. இன்று நாங்கள் மாடியறையில் புரட்டுகிற ஒவ்வொரு அச்சுத் தாளுக்கும் பாட்டன் அந்தப் பதினாறு பக்கம். அதன் பிரதி இப்போது அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

அந்தப் பக்கத்தின் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. ஓலையில் எழுதுவது போலவே அச்சிலும். 'தமபிரான வணககம' என்றுதான் கண்ணுக்குத் தெரியும். வாய்தான் 'தம்பிரான் வணக்கம்' ஆக்க வேண்டும். ஒருவர் தடுமாற இன்னொருவர் எடுத்துக் கொடுக்க, பதினோரு பேரும் கூட்டாக வாசித்தால்தான் அது நகரும். டீச்சர் சின்ன வயதில் ஓலை படித்தவர். அவரை நடுவில் உட்காரவைத்து அந்தப் பக்கங்களை வாசிக்க வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை.

கொல்லம் எங்களுக்கு அந்நியமும் இல்லை. எங்கள் பாட்டன்மார் வீட்டுப் பத்திரங்களில் இருக்கும் வருஷம் கொல்லம் ஆண்டு. அது தொடங்குவது கி.பி. 825-ல். பெட்டியடியில் கிடக்கும் பழைய ஆதாரங்களை எடுத்துக்கொண்டு வரும்படி எல்லோரிடமும் சொல்லலாம். புத்தகத்தோடு அதுவும் எங்களுக்குப் பாடம்தான். 849-ல் வேணாட்டு அரசர் அய்யனடிகள் திருவடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவக் கோயிலுக்குக் கொடுத்த செப்பேடு பழைய வட்டெழுத்தில் இருக்கிறது; அதில் சாட்சிகள் அரபி எழுத்திலும் பாரசீகத்தின் பஹ்லவி எழுத்திலும் ஹீப்ரு எழுத்திலும் கையொப்பம் போட்டிருக்கிறார்கள். ஆயிரத்து நூற்றெழுபது வருஷத்துக்கு முன் ஒரே கரையில் இத்தனை எழுத்து தெரிந்த ஆட்கள் நின்று ஒரு பத்திரத்துக்குச் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். 'கொல்லம் கண்டவனுக்கு இல்லம் வேண்டாம்' என்று மலையாளத்தில் ஒரு பழமொழி உண்டு; அப்படிப்பட்ட துறைமுகம்.

குறைகளை மறைக்கப் போவதில்லை. அச்சுக்கூடம் இருந்த இடம் இதுதான் என்று காட்டப்போவது யாரும் இல்லை. செப்பேடுகளும் கொல்லத்தில் இல்லை, கோட்டயம், திருவல்லாப் பக்கத்துச் சபைகளின் பாதுகாப்பில் இருக்கின்றன. கண்ணுக்கு மிஞ்சியிருப்பது தங்கசேரி: போர்ச்சுகீசியர் 1519-ல் கட்டிய கோட்டையின் இடிந்த சுவர், 1902-ல் எழுந்த சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கலங்கரை விளக்கம், கடல். இந்தத் தங்கசேரி போர்ச்சுகீசியர் கையிலிருந்து டச்சுக்காரர் கைக்கும், பின் ஆங்கிலேயர் கைக்கும் போனது. ஆங்கிலேயர் ஆட்சியின் கடைசிக் காலத்தில் நம் திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்த்து ஆளப்பட்டது. சுற்றி எங்கும் திருவிதாங்கூர், நடுவில் இந்தத் துண்டு மட்டும் திருநெல்வேலி கலெக்டர் கையில்.

பார்க்க ஒன்றும் இல்லை என்ற அதே குறைதான் என் மனதை மாற்றியது. கொச்சியில் இருக்கும் ஓட்டம் இங்கே கிடையாது. சாயங்காலம் நான்கு மணிக்கு வெயில் தாழ்ந்ததும் தங்கசேரிக் கடலோரத்தில் உட்கார்ந்தால், இருட்டும் வரை வாசிக்கலாம். டீச்சர் கலங்கரை விளக்கத்தில் ஏற வேண்டாம். கீழே தரை சமம்தான். மாணவர்கள் ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள். யாரும் யாருக்காகவும் வாசலில் காத்து நிற்கத் தேவையில்லை.

வழியும் சுலபம். குழித்துறையிலிருந்து கொல்லம் 100 கிலோமீட்டர் போல, ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள். நாங்கள் காலை வண்டியில் போனாலும், அக்கா மதிய டியூட்டி முடித்துச் சாயங்கால வண்டியில் ஏறி ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்துவிடுவார். கடலோர வாசிப்பு அவருக்குத் தவறும். அதற்காக அந்தப் பதினாறு பக்கத்தில் பாதியை ஞாயிறு காலைக்கு வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கொல்லம் வியாபார ஊர் என்பதால் சின்னக்கடை, ஸ்டேஷன் பக்கம் சாதாரண லாட்ஜுகள் நிறைய. சுற்றுலா ஊரின் விலை இருக்காது. ஞாயிறு காலை புட்டும் கடலையும் சாப்பிட்டு அஷ்டமுடிக் காயல் கரையில் இரண்டாம் வாசிப்பு. மதியம் மீன் குழம்பு. மூன்று மணி வாக்கில் ரயில் ஏறினால் இருட்டுவதற்குள் வீடு. எப்படிக் கூட்டினாலும் ஆளுக்கு 2,000 ரூபாய்க்குள் நிற்கும்.

மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜூன், ஜூலை வேண்டாம், அந்தக் கரையில் மழை நின்று பேசாது. ஐப்பசி கார்த்திகையில் சாயங்காலம்தோறும் இடி. தை, மாசிதான் சரி. வெயில் பொறுக்கும், கடற்காற்று உலர்ந்திருக்கும்.

ஆக என் ஓட்டு கொல்லத்துக்கு. நாளை விடுப்பு சேர்ந்து மூன்று நாள் கிடைத்தால் கொச்சியும் கொடுங்கல்லூரும். அப்போதும் யூதர் கோயிலை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துத் திட்டம் போட வேண்டும். காரியவட்டம் சுவடிச்சாலைக்கு வேலை நாளில் லீவு போட்டு வர நான்கு பேர் சம்மதித்தால் நானே கடிதம் எழுதுகிறேன்.

வரும் இரண்டாம் ஞாயிறு ஓட்டெடுப்பு. கொச்சிதான் வேண்டும் என்கிற தம்பிகளுக்கு அந்தப் புள்ளியில்லாத முதல் பக்கத்தை ஆளுக்கொன்று நகல் எடுத்துத் தரப்போகிறேன். கை தூக்குவதற்கு முன் ஒரு தடவை வாய்விட்டு வாசித்துப் பார்க்கட்டும். டீச்சருக்குப் பெரிய எழுத்தில் ஒரு நகல் தனியாக எடுத்தாகிவிட்டது.